மகள் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள். 'ஆபத்து குறைவு' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதோடு விட்டுவிடலாமா?

விடாதீர்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 15 வயது மகளுக்கு அவசரப் பிரிவில் கட்டுப் போட்டு, ஏதோ படிவம் நிரப்பி, 'ஆபத்து குறைவு' என்று எழுதி அனுப்பினார்கள் என்கிறீர்கள். அவளிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. எனக்குப் பிள்ளையும் இல்லை. 'பெற்றவளுக்குத்தான் அந்த வலி தெரியும்' என்று கீழே எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

என் அக்கா மகளுக்கும் கிட்டத்தட்ட இதே வயதில் இதே மாதிரி ஒரு தாள்தான் கிடைத்தது. முன்பு இப்படிச் செய்ததுண்டா, தூக்கம் எப்படி, வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டு டிக் அடித்தார்கள். பக்கத்தில் அம்மா நிற்கும்போது அவள் என்ன சொல்வாள்? எல்லாவற்றுக்கும் 'இல்லை'தான். கூட்டிப் பார்த்தால் மதிப்பெண் குறைவு. கிளம்பலாம் என்றார்கள். அக்காவும் கிளம்பத் தயார், யாராவது தெரிந்தவர் பார்த்துவிடப் போகிறார்கள் என்ற கவலை அவளுக்கு. நான்தான் மனநலப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பேசும்வரை நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். 'நீ சும்மா இரு' என்று அக்கா திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

கடைசியில் வந்தவர் ஓர் இளம் உளவியலாளர். எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொல்லி அவளிடம் தனியாகப் பேசினார். நீ சொல்வதை அம்மாவிடம் சொல்லமாட்டேன், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் சொல்லித்தான் ஆகவேண்டும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்று முதலிலேயே பேசிக்கொண்டாராம். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. அதற்கு முந்தைய நாள் என்னவெல்லாம் நடந்தது, அப்போது எப்படி இருந்தது, செய்த பிறகு எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார். அப்புறம் நேராகவே, 'செத்துப்போகணும்னு தோணுச்சா?'

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகாதா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. இதை ஆராய்ந்தவர்கள் அப்படி எதையும் காணவில்லை. கேட்டால் பெரும்பாலும் மனம் லேசாகத்தான் ஆகிறது. அவள் சொன்னது இதுதான்: வகுப்புப் பிள்ளைகள் அவள் அழுத ஒரு போட்டோவை ஸ்டிக்கராக்கி, வாட்ஸப் குழுவில் எது நடந்தாலும் அதையே போட்டுக்கொண்டிருந்தார்கள். 'நான் இல்லாமப் போனா அந்த ஸ்டிக்கரும் நின்னுடும்னு ஒரு தடவை தோணுச்சு.' அந்தப் படிவத்தில் இதற்கு எங்கே கட்டம் இருக்கிறது?

இது என் சொந்தக் கோபம் மட்டுமில்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், யார் மறுபடி செய்வார்கள் என்று கணிக்க இந்த மதிப்பெண் முறைகளைப் பயன்படுத்தாதீர்கள், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆட்களைப் பிரிக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 'அதிகம்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் நடப்பதில்லை. 'குறைவு' என்று அனுப்பப்பட்டவர்களில் சிலரை இழக்கிறோம். ஆகவே அந்தத் தாளைப் பார்த்து நிம்மதியும் வேண்டாம், பீதியும் வேண்டாம். முறையான உளச்சமூக மதிப்பீடு, அதாவது அவள் மனநிலை, வீடு, பள்ளி எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்வது, வேண்டும் என்று கேளுங்கள். கவலை இருந்தால் மதிப்பீடு முடிந்த 48 மணி நேரத்துக்குள் மறுபடி தொடர்புகொள்ள வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்கென்றே மாத்திரை கேட்காதீர்கள், அப்படி ஒன்றைக் கொடுக்கச் சொல்லி அதில் இல்லை. உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போய் அடிக்கடி செய்யும் பிள்ளைகளுக்கு உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி (DBT) என்ற பேச்சு சிகிச்சையை, வளரிளம் பருவத்துக்கு ஏற்ற வடிவத்தில், பரிசீலிக்கச் சொல்கிறது.

அன்றே ஒரு பாதுகாப்புத் திட்டமும் எழுதினார்கள், அவள் கையெழுத்திலேயே. எந்த அறிகுறி வந்தால் உஷாராக வேண்டும், தனியாக என்ன செய்து கடத்தலாம், யாரோடு இருந்தால் மனம் திரும்பும், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த எண்ணுக்குக் கூப்பிடலாம், வீட்டில் எதையெல்லாம் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். உதவி கேட்கும் இடத்தில் 'சித்தி (அட்வைஸ் பண்ணக்கூடாது)' என்று எழுதியிருந்தாள். இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு யாரும் தந்ததில்லை.

இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் லீவு போட்டு வருபவள் நான். யாருக்குப் பரீட்சை என்றாலும் கூடவே கண்விழிப்பவள் நான். ஆனால் அதே பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், 'உனக்கென்ன தெரியும்.' சரி, விடுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியது: மாத்திரைகளையும் அவள் பயன்படுத்தியதையும் பூட்டி வையுங்கள், ஆனால் தினமும் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்துச் சோதனை போடாதீர்கள். 'இனிமேல் செய்யமாட்டேன்' என்று சத்தியம் வாங்காதீர்கள். அடுத்த முறை செய்தால் மறைப்பாள், அவ்வளவுதான். கவனம் கிடைக்கச் செய்கிறாள் என்று யாராவது சொன்னால், கவனம் தேவைப்படும் பிள்ளைக்குக் கவனம் கொடுப்பதில் என்ன நஷ்டம் என்று கேளுங்கள். எதையாவது விழுங்கியிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத்தான். சாவதற்குத் திட்டம் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

அவள் மனம்விட்டுப் பேசத் தேர்ந்தெடுக்கும் ஆள் நீங்களாக இல்லாமல் போகலாம். டீச்சரோ, மாமாவோ, தோழியின் அம்மாவோ, யாராக இருந்தாலும் வழி விடுங்கள். என் அக்காவுக்கு இதில் இன்னும் என்மேல் கோபம்தான்.