கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கலாமா?

மூன்று மாதக் குழந்தையுடன் ஊருக்குப் போவதாகவும், வயலோரக் கிணற்றில் நைட்ரேட் அதிகம் என்று சொல்வதாகவும், கொதிக்கவைத்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது, கொதிக்கவைத்தால் இன்னும் கூடும். நைட்ரேட் கிருமியன்று, நீரில் கரைந்த உப்பு. குழம்பு சுண்டச் சுண்டக் கரிப்பு ஏறுவதுபோல, லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீர் முக்கால் பங்காகச் சுண்டினால் 60 ஆகிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 50.

குழாய்த் தண்ணீரைக்கூடக் காய்ச்சிக் குடிக்கும் சிங்கப்பூர் ஈசூன் வீட்டுப் பழக்கத்தை நானும் ஊருக்குக் கொண்டுபோனவள்தான். அங்கே நைட்ரேட் சோதனைத் தாளைப் பச்சைத் தண்ணீரில் நனைத்தபோது இளஞ்சிவப்பு வந்தது. மாமியார் அக்கறையோடு அரைமணி நேரம் காய்ச்சிய தண்ணீரில் அதைவிட அடர்த்தியாக வந்தது. "அப்போ இத்தனை நாளும் காய்ச்சினது?" என்று அவர் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நைட்ரேட்டை உடலிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது இரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபினிலுள்ள இரும்பிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. அப்படி உருவாகும் மெத்திமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஒரு மூலக்கூறிலுள்ள நான்கு இரும்பணுக்களில் ஒன்றிரண்டு இவ்வாறு மாறினாலும், மற்றவை தாம் பிடித்த ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விடாமல் இறுகப் பற்றிக்கொள்வதால், ஏற்றுமிடத்தில் குறைவு, இறக்குமிடத்தில் தடை என இரட்டைச் சேதம் நேர்கிறது. இரும்பைப் பழைய நிலைக்கு மீட்கும் நொதி நமக்குப் போதிய அளவு உண்டு. பச்சிளங்குழந்தையிடம் ஏறத்தாழ அதில் பாதிதான் வேலை செய்கிறது. போதாக்குறைக்கு, எடையோடு ஒப்பிட்டால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை உட்கொள்ளும் நீர் நம்மைவிடப் பல மடங்கு. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், நீலம்பாரித்த குழந்தைகளை முன்வைத்துக் கிணற்று நீரின் நைட்ரேட்டே காரணம் என்று எழுதினார்.

நம் குழந்தைகளின் நிறத்தில் தோலைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். உதடு, ஈறு, நாக்கு ஆகியவற்றைப் பாருங்கள். சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, கிணற்று நீர் கொடுத்ததை மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி இந்நிலையில் தவறாகக் காட்டக்கூடும். எடுக்கும் இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும், காற்றுப் பட்டாலும் சிவக்காது. தேவையானால் மெத்திலீன் நீலம் என்ற மருந்தைச் செலுத்துவார்கள்.

தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதையே கொடுங்கள். தாய் குடிக்கும் நைட்ரேட் பாலில் பெரிதாகச் சேர்வதில்லை. புட்டிப்பால்தான் என்றால், நைட்ரேட் அளவு குறைவென்று உறுதியான நீரோ, நன்கு பராமரிக்கப்படும் ஆர்ஓ இயந்திரத்தின் நீரோ வேண்டும். கரி வடிகட்டி இதற்கு உதவாது.