நெருங்கிய அணைப்பில் டாங்கோ: வந்து போகும் ஆசிரியர்களிடம் எதைக் கற்பது?

கேள்வி: ஓராண்டாக அர்ஜென்டினா டாங்கோ பழகி வருகிறேன், பின்தொடரும் பங்கில் ஆடுகிறேன். இதுவரை கற்றதெல்லாம் இருவருக்கும் நடுவே இடைவெளி விட்டு ஆடும் முறை. அடுத்த மாதம் பியூனஸ் அயர்ஸிலிருந்து ஓர் ஆசிரியர் இணை வந்து, நான்கு நாள்கள் நெருங்கிய அணைப்பு முறையைக் கற்றுத்தர இருக்கிறார்கள். எனக்கு நிலையான ஜோடி இல்லை. அறிமுகமில்லாதவர்களோடு அவ்வளவு நெருங்கி ஆடுவதில் தயக்கமும் இருக்கிறது. எல்லா வகுப்புகளிலும் சேர வேண்டுமா? அவர்கள் போன பிறகு கற்றதை எப்படித் தக்கவைப்பது?

பதில்: அவசியம் சேருங்கள். ஆனால் எல்லா வகுப்புகளும் தேவையில்லை. இரண்டு அல்லது மூன்று குழு வகுப்புகளைத் தேர்ந்துகொண்டு, மிச்சமாகும் பணத்தில் ஒரு தனிவகுப்பு எடுத்துக்கொள்வதே உங்களுக்குக் கூடுதல் பயன் தரும். நெருங்கிய அணைப்பில் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அடிவைப்புகளைக் காணொளியில் பார்த்துப் பழகிவிடலாம். பல்லாண்டு ஆடியவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றும்போது அவருடைய மார்பில் என்ன நிகழ்கிறது என்பதை அவரோடு ஆடித்தான் அறிய முடியும். வந்து போகும் ஆசிரியர்களிடமிருந்து பெற வேண்டியது அந்தத் தொடுவழி அறிவு. குழு வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் அது ஓரிரு நிமிடமே கிடைக்கும்.

உங்களுக்கு முதலில் இடைவெளி விட்ட முறை கற்பிக்கப்பட்டதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1940களில் பியூனஸ் அயர்ஸ் நகர மையத்தின் நெரிசலான ஆடுதளங்களில் ஜோடிகள் ஒட்டி நின்று சிற்றடிகள் வைத்தே ஆடினார்கள். பிற்காலத்தில் தளர்ந்துபோயிருந்த இந்த ஆட்டம் 1983இல் பாரிஸிலும் 1985இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கிலும் அரங்கேறிய ‘டாங்கோ அர்ஜென்டினோ’ என்னும் மேடை நிகழ்ச்சியால்தான் உலகத்தின் கவனத்தை மறுபடி ஈர்த்தது. மேடைக்கு அகன்ற அசைவுகள் வேண்டும், அகன்ற அசைவுகளுக்கு இடைவெளி வேண்டும். ஆகவே பல நாடுகளில் அந்த முறையே முதலில் வேரூன்றியது. நெருங்கி ஆடும் முறையை 1990களில் ‘மிலோங்கேரோ பாணி’ என்ற பெயரில் கற்பித்துப் பரப்பியவர்களில் சுசானா மில்லர் முக்கியமானவர். இரு முறைகளில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் கருதவில்லை. நெரிசலான தளத்தில், முன்பின் அறியாதவரோடு, ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆட நெருங்கிய அணைப்பே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

அணைப்பின் அமைப்பை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், வகுப்பில் அதை விளக்கக் கேட்கும் நேரம் மிச்சமாகும். வழிநடத்துபவரின் வலக்கை உங்கள் முதுகைச் சுற்றி வரும்; உங்கள் இடக்கை அவருடைய தோளின்மேல் சென்று மேல்முதுகில் படியும். இருவருடைய நெஞ்செலும்புப் பகுதிகள் தொடும். வயிறும் இடுப்பும் தொடக்கூடாது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு இரு உடல்களும் மேலே சந்தித்துக் கீழே பிரியும் இரண்டு கோடுகளாகத் தெரிய வேண்டும். கால்கள் அசைய இடம் தருவது கீழே உள்ள அந்தப் பிரிவுதான். சாய்வு கணுக்காலிலிருந்து தொடங்க வேண்டும். இடுப்பில் மடிந்து சாய்ந்தால் மார்பு முன்னே போய்ப் பின்புறம் பின்னே தள்ளிக்கொள்ளும், அரைமணி நேரத்தில் கீழ்முதுகு வலிக்கத் தொடங்கும். எடை முன்பாதத்தில் இருக்கும், ஆனால் குதிகால் தரையை விட்டு எழும்பிவிடக் கூடாது.

புதிதாக நெருங்கி ஆடுவோரிடம் அதிகம் காணப்படும் குறை, இடக்கையால் துணைவரின் கழுத்திலோ தோளிலோ தொங்குவது. அந்தக் கையின் எடை அவர் முதுகில் இளைப்பாறலாம். உங்கள் உடலின் எடை அதில் தொங்கக் கூடாது. துணைவர் திடீரென்று விலகிவிட்டால் நீங்கள் விழாமல், அதிகம் போனால் ஒரு சிற்றடி முன்வைத்து நின்றுகொள்ள முடிய வேண்டும். அந்த அளவே சரியான சாய்வு.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. சுவரை நோக்கி, கால்விரல்களுக்கும் சுவருக்கும் நடுவே சிறிது இடம் விட்டு நில்லுங்கள். ஒரு மெல்லிய புத்தகத்தை நெஞ்செலும்பின்மேல் வைத்து, குதிகாலிலிருந்து தலைவரை உடல் நேராக இருக்கும்படி, புத்தகம் சுவரில் படும்வரை கணுக்காலிலிருந்து சாயுங்கள். கைகளைத் தொங்கவிட்டு, எடையை வலக்காலுக்கும் இடக்காலுக்குமாக மெல்ல மாற்றுங்கள். புத்தகம் நழுவினால் மார்பு பின்வாங்குகிறது; சுவரில் அழுந்தினால் துணைவர்மேல் சுமை ஏற்றுகிறீர்கள். ஒரே அளவான தொடுகையோடு எடை மாற்ற வந்துவிட்டால், ஒரு காலை இடுப்பிலிருந்து பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். அடுத்த மாதம் வரை நாள்தோறும் பத்து நிமிடம் இதைச் செய்து வந்தால், முதல் வகுப்பின் பாதிப் பாடம் உங்கள் உடலில் ஏற்கெனவே இருக்கும்.

இசையையும் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். தாளம் தெளிவாகக் கேட்க ஹுவான் டி’அரியென்ஸோவின் இசைக்குழு, குறிப்பாகப் பியானோ கலைஞர் ரொடோல்ஃபோ பியாஜி 1935இன் இறுதியில் அதில் சேர்ந்த பிறகு செய்த பதிவுகள்; நீண்ட நடைக்குக் கார்லோஸ் டி சார்லியின் இசைக்குழு. ஒஸ்வால்டோ புக்லியேஸேயின் இசையில் ஆடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேகம் நெகிழ்ந்து மாறும் அந்த இசை, அணைப்பு இன்னும் உறுதிப்படாதவர்களைத் தடுமாற வைக்கும்.

வகுப்புகளைத் தேர்வு செய்யும்போது தலைப்பைக் கவனியுங்கள். அணைப்பு, நடை, இசையறிவு, ஓச்சோ கோர்டாடோ ஆகியவை இருக்கும் வகுப்புகளில் சேருங்கள். இவற்றில் கடைசியானது நெருங்கிய முறைக்கே உரிய சிறிய அசைவு. இடுப்பைப் பெரிதாகத் திருப்பாமல், போன திசையிலிருந்து மீண்டு வந்து காலைக் குறுக்கே வைத்து முடிப்பது. குறைந்த இடத்தில் ஆடுவது எப்படி என்பது அதில் அழகாக விளங்கும். பொலேயோ (காலைச் சாட்டைபோல் வீசுவது), காஞ்சோ (துணைவரின் காலில் காலைக் கொக்கிபோல் மாட்டுவது), வோல்காடா (துணைவர்மேல் நன்றாகச் சாய்ந்து ஆடுவது) என்று அறிவித்திருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வோல்காடா நெருங்கிய அணைப்பில் ஆடப்படுவதுதான். ஆனால் உங்கள் சமநிலையைத் துணைவரிடம் ஒப்படைக்கும் அந்த அசைவு, சொந்தச் சமநிலை உறுதிப்பட்டவருக்கே பாதுகாப்பானது.

தனிவகுப்பை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். குழு வகுப்பு ஒன்று முடிந்த பிறகு வைத்தால், எங்கே இடறுகிறது என்று தெரிந்துகொண்டு போவீர்கள். துணைவர் வேண்டியதில்லை, இருவரும் உங்களோடு ஆடுவார்கள். தொடக்கத்திலேயே ஒரு பாடல் முழுவதும் பேச்சில்லாமல் ஆடக் கேளுங்கள். முடிந்ததும், “எந்த இடத்தில் நான் உங்கள் கையைவிட்டுப் போகிறேன்?” என்று கேளுங்கள். புதிய அசைவு ஒன்றைக் கற்றுத்தரச் சொல்வதைவிட இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல மடங்கு மதிப்புள்ளது. இருவரில் பின்தொடரும் பங்கில் ஆடுபவரை நீங்கள் வழிநடத்த முயன்று பார்ப்பதும் நல்லது. அடிவைப்பு தெரியாவிட்டாலும் வெறுமனே நடந்தாலே போதும், எடையை அவர் எப்படிக் காத்திருந்து மாற்றுகிறார் என்பது உங்கள் மார்பில் தெரியும்.

அந்த ஆசிரியர்கள் சொல்வது உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு மாறாக இருக்கக்கூடும். சிலர் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் நன்றாகச் சாய வேண்டும் என்பார்கள். சிலர் தொட்டுக்கொண்டே அவரவர் காலில் நிற்க வேண்டும் என்பார்கள். இரண்டுமே பியூனஸ் அயர்ஸில் வழங்கும் முறைகள்தாம். அந்த நான்கு நாள்களும் வந்தவர்கள் சொல்வதை முழுமையாகச் செய்து பாருங்கள். ஒப்பிடுவதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் தயக்கத்தைப் பற்றி. அது இயல்பானது; அதைத் தள்ளிவிட்டு ஆட வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. குழு வகுப்புகளில் துணைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தனியாக வருவோருக்கு அதுவே வசதி. ஒவ்வொருவரோடும் எவ்வளவு நெருங்குவது என்பதை முடிவு செய்பவர் நீங்கள்தான். சிறிது இடைவெளியில் தொடங்கி, உடல் ஒத்துக்கொள்ளும்போது நெருங்கலாம். “இப்போதைக்குக் கொஞ்சம் விலகி ஆடுவோம்” என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கை இறுக்கினாலோ கீழே இறங்கினாலோ உடனே நிறுத்தி, ஆசிரியரிடம் சொல்லுங்கள். மிலோங்கா எனப்படும் டாங்கோ ஆட்டக்கூடலில் மூன்று அல்லது நான்கு பாடல்கள் சேர்ந்த ஒரு தொகுதி முடியும்வரை ஒரே துணைவரோடு ஆடுவது வழக்கம். எனினும் நடுவில் ‘நன்றி’ என்றால் ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று பொருள், அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. தூய்மையான மாற்றுச்சட்டையும் கடுமையில்லாத வாசனையும் எல்லாருக்கும் நலம்.

அவர்கள் போன பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் வகுப்பின் முடிவில் பாடத்தைச் சுருக்கி ஆடிக் காட்டிப் படம்பிடிக்க விடுவார்கள், அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, ஒவ்வோர் இரவும் உங்கள் உடலில் என்ன மாறியது என்பதை எழுதி வையுங்கள். ‘தோளைத் தளர்த்தியபோது அவருடைய அடி முன்கூட்டியே தெரிந்தது’ என்பது போன்ற ஒரு வரி, ஆறு அடிவைப்புகளின் வரிசையைவிட நெடுநாள் உதவும். பிறகு, அதே வகுப்பில் கற்ற ஒருவர் அல்லது இருவரோடு வாரம் ஒருமுறை பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கைகளைப் பயன்படுத்தாமல் மார்புத் தொடுகையால் மட்டும் இரண்டு பாடல்களுக்கு நடந்துவிட்டு, பின்னர் அணைப்போடு ஆடுங்கள். ஒரு மாதத்துக்குப் புதிய அசைவுகள் எதையும் சேர்க்க வேண்டாம். உங்கள் குறிப்பேட்டை உங்கள் வழக்கமான ஆசிரியரிடமும் காட்டுங்கள். வாரந்தோறும் உங்களோடு ஆடுபவர் அவர்தான், நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்தால் அது நழுவும் இடத்தை அவரால் உடனே சுட்டிக்காட்ட முடியும்.