புளூடூத்திலேயே குறியாக்கம் இருக்கிறதே, போனிலிருந்து இன்சுலின் பம்பை இயக்க அது போதாதா?

போதாது. பேரிங், அதாவது இரு கருவிகளையும் முதல் முறை ஒன்றோடொன்று இணைப்பது, ஒழுங்காக நடந்திருந்தால் புளூடூத்தின் ‘ஏஇஎஸ்’ என்ற குறியாக்கத்தை (பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் முறை) உடைப்பது மிகக் கடினம்தான். ஆனால் அது காப்பது ரேடியோ இணைப்பை மட்டும். உடலில் ஒட்டியிருக்கும் சென்சார் அனுப்பும் சர்க்கரை அளவை யாரோ படித்துவிட்டால் அந்தரங்கம் போகும். ‘ஐந்து யூனிட் செலுத்து’ என்று யாரோ சொல்லி, பம்பும் கேட்டுவிட்டால் உயிரே போகலாம். இத்தகைய கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். அதிகம் பயப்படுவது இரண்டாவதற்குத்தான்.

2016-இல் ‘ஒன்டச் பிங்’ என்ற பம்பில் இந்த ஓட்டைதான் வெளிப்பட்டது. கண்டுபிடித்த ஜே ராட்கிளிஃப் தாமே சர்க்கரை நோயாளி. அதன் ரிமோட் குறியாக்கமே இல்லாமல் பேசியது. ரிமோட்டின் கட்டளையைப் பதிவுசெய்துகொண்டு பிறகு மறுபடி அனுப்பினாலும் தடுக்க வழியில்லை. இப்படி மறுபடி அனுப்புகிறவர் கட்டளையைப் படிக்கவே வேண்டியதில்லை, அப்படியே அனுப்பினால் போதும். அதனால் குறியாக்கம் மட்டும் சேர்த்திருந்தால் இந்த ஓட்டை அடைபட்டிருக்காது.

போனில் இன்னொரு சிக்கல். ஆண்ட்ராய்டில் பம்பை ஒரு முறை பேர் செய்துவிட்டால், புளூடூத் அனுமதி வாங்கிய வேறொரு ஆப்பும் அதே இணைப்பைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். பம்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே போன். ஆகவே பம்புக்கும் அதன் ஆப்புக்கும் மட்டும் தெரிந்த தனிச் சாவி வேண்டும். ஒவ்வொரு கட்டளையோடும், அனுப்பியது அந்த ஆப்தான் என்று காட்ட அந்தச் சாவியால் கணக்கிட்ட முத்திரையும், ஏறிக்கொண்டே போகும் வரிசை எண்ணும் வர வேண்டும். கடைசியாக ஏற்ற எண்ணைத் தாண்டாத எதையும் பம்ப் தள்ளிவிட வேண்டும்.

கேட்கச் சுலபம். நான் வேலை செய்த ஒரு கருவியில் அந்த எண்ணைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்தோம். பேட்டரியை மாற்றியதும் எண் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. முந்தைய நாள் பதிவுசெய்த கட்டளையை அனுப்பிப் பார்த்தோம், மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது! நல்லவேளை, சோதனை மேசையிலேயே தெரிந்தது. இப்போது மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷில்தான் எழுதுகிறோம்.

பேரிங்கில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சென்சாரில் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை என்று ‘ஜஸ்ட் வொர்க்ஸ்’ முறையிலேயே விட்டுவிடுகிறார்கள். எதிரில் இருப்பது யார் என்று அதில் எந்தப் பக்கமும் சரிபார்ப்பதில்லை; பேரிங் நேரத்தில் நடுவே ஒருவர் புகுந்துகொள்ளலாம். ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறான நீளமான சாவியைக் கியூஆர் குறியீடாக அச்சிட்டுக் கொடுத்து, போனால் ஸ்கேன் செய்யவைப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம், சிக்னலை முடக்குவதை எந்தக் குறியாக்கமும் தடுக்காது. போன் தொடர்பு அறுந்தால் பம்ப் என்ன செய்யும் என்று வாங்கும் முன் கட்டாயம் கேளுங்கள். மருத்துவர் சொல்லி அமைத்த அடிப்படை அளவை (நாள் முழுதும் சிறுகச் சிறுகச் செல்லும் இன்சுலின்) அது தானாகவே தொடர வேண்டும், தொடர்பு போனதை அலாரம் அடித்துச் சொல்ல வேண்டும். போனே இல்லாமல் பம்பிலுள்ள பொத்தானை அழுத்தி நிறுத்தவும் முடிய வேண்டும்.