பால் பத்தவில்லையா? முதலில் எடையைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு இரண்டரை மாதம். சிசேரியன் ஆனதால் முதல் மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீர்தான் கொடுத்தார்கள். சாயங்காலமானால் விடாமல் அழுகிறான். பால் பத்தவில்லை என்று மாமியார் தினமும் இரண்டு வேளை பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கிறார். வாரம் ஒருமுறை உரை மருந்தும் உண்டு. அடுத்த மாதம் நான் பூப்பறிக்கும் வேலைக்குப் போக வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். உங்களுக்கு இப்போது தடையாக இருப்பது வேலை அல்ல, அந்த இரண்டு வேளைப் பசும்பால்.

குழந்தையின் அழுகை ஆறு, எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், அதுவும் மாலையில். மூன்று மாதத்துக்குப் பிறகு தானாகத் தணியும். இதே சமயத்தில்தான் தாயின் மார்பில் கனம் குறைந்து தளர்வாகும். குழந்தையின் தேவைக்கு ஏற்பச் சுரப்பு சீராகிவிட்டது என்று அதற்கு அர்த்தம், வற்றிவிட்டது என்றல்ல. இரண்டும் சேர்ந்து வருவதால் வீட்டில் எல்லாருமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பசும்பால் செரிக்க நேரமாகும், அதனால் பிள்ளை தூங்குவான். அப்புறம் மார்பில் குறைவாகக் குடிப்பான், பால் தேங்கும். தேங்கினால் சுரப்பு குறையும். சில வாரங்களில் மாமியார் சொன்னது உண்மையாகவே ஆகிவிடும்! பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. தண்ணீர் கலந்தால் இருக்கிற சத்தும் போகும்.

24 மணி நேரத்தில் ஆறு முறைக்குமேல் வெளிர் நிறமாகச் சிறுநீர் போகிறானா? வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் எடை கூடுகிறானா? கூடினால் பால் போதும். அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ எடை பாருங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்வதைவிடத் தராசு சொன்னால் எடுபடும். எடை கூடவில்லை என்றால் எதையும் நிறுத்தும் முன் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடை சரியாக இருந்தால் ஒரு வேளைப் பசும்பாலை இன்றே நிறுத்துங்கள், மற்றதை நான்கு நாள் கழித்து. இரவு உட்பட நாளுக்கு 8 முதல் 12 முறை பால் கொடுங்கள். வாய் அகலத் திறந்து, முகவாய் மார்பில் பட, காம்போடு கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் புண்ணாகும், பாலும் வராது. வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். உரை மருந்து வேண்டவே வேண்டாம். உரைக்கிற கல்லிலிருந்து கிருமி போகும், புரையேறும் ஆபத்தும் உண்டு. மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மருந்து இந்தக் கணக்கில் வராது.

பத்தியம் என்று உங்களுக்குத் தண்ணீரைக் குறைத்திருந்தால் அதை விடுங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிடுங்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை உண்டு, நிறுத்தாதீர்கள்.

வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே பால் பீய்ச்சப் பழகுங்கள். கையைச் சோப்பால் கழுவி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவளையத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்குங்கள். காம்பை இழுக்கக் கூடாது. இரு மார்பிலும் மாற்றி மாற்றி 20, 30 நிமிடம் ஆகும். முதல் நாள் இரண்டு ஸ்பூன்தான் வரும், பயப்படாதீர்கள். கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் டம்ளரில் மூடி வைத்தால், நிழலான இடத்தில் நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் இருக்கும். அடுப்பில் வைக்காமல், வெந்நீரில் டம்ளரை நிறுத்திச் சூடாக்கி, பாலாடையில் (சங்கு போன்ற சிறு கிண்ணம்) புகட்டச் சொல்லுங்கள். பாட்டில் வேண்டாம். ஒரு வேளைக்கு 90 முதல் 120 மில்லி போதும்.

தோட்டத்திலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சிவிடுங்கள், வைக்க வசதியில்லாவிட்டால் கொட்டினாலும் பரவாயில்லை. பூச்செடிக்கு மருந்து அடித்திருப்பார்கள். வீடு வந்ததும் குளித்து, சேலை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். மார்பு கல்லாக இறுகிச் சிவந்து காய்ச்சல் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.