டபராவின் வட்டம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். வயது 41. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். வீட்டில் அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்ட வாடகை வீடு.

பத்து ஆண்டுகளாக நீர்வண்ண ஓவியம் வரைந்துவருகிறேன். முறையாகப் பயின்றவனல்லன், பள்ளியில் ஓவிய ஆசிரியர் காட்டியதும், பிறகு நானாகப் பார்த்துப் பழகியதும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பி முதுநகர் துறைமுகத்துக்குப் போய்ப் படகுகளை வரைந்துவிட்டுப் பத்தரை மணிக்குத் திரும்புவேன். வாரநாள்களில் எல்லோரும் உறங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்திக் காகிதத்தைப் புதுச்சேரியில் வாங்கிவந்து நான்காக வெட்டிக்கொள்கிறேன். அண்மையில் 8-ஆம் எண் சேபிள் முடித் தூரிகை ஒன்றை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். மனைவியிடம் 240 என்று சொல்லியிருக்கிறேன்.

கார்த்திகையில் ஒருநாள் இரவு, வானத்துக்கு இட்ட பூச்சு ஈரக்காற்றில் காயவேயில்லை. அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அம்மா காபி டபராவை அதன் மேல் வைத்துவிட்டார். வட்டமாகக் கறை. மூன்று வாரம் உழைத்த படம். அம்மாவிடம் கத்திவிட்டேன். "பேப்பர்தானே தம்பி, இன்னொண்ணு போட்டுக்கக் கூடாதா" என்றார். "ஊர்ல இருக்கிற படகெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து தூரிகையைத் தொடவில்லை.

நிறுத்திவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு தொடர்வதுதான் நியாயமா? உறவினர்கள் புகைப்படத்தைக் கொடுத்து உருவப்படம் வரைந்து தரச் சொல்கிறார்கள்; பணம் வந்தால் வீட்டில் மதிப்பார்களோ என்றும் தோன்றுகிறது. கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் பழைய ஓவியங்களில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. அதற்கு வழி தெரிந்தாலும் சொல்லுங்கள். பெயரை வெளியிட வேண்டாம்.

க.,
கடலூர்

*

அன்புள்ள க.,

ஓய்வு பெறும்வரை தள்ளிப்போடும் யோசனையை முதலில் கைவிடுங்கள். இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை கையும் கண்ணும் இன்றிருப்பதுபோலவே காத்திருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஓய்வுக்குப் பிறகு ஓவியரானவர் என்று பலரும் எடுத்துக்காட்டும் ஆன்றி ரூசோவின் கதையும் உண்மையில் அப்படியில்லை. பாரிஸ் நகரின் சுங்கச் சாவடியில் வேலை பார்த்த அவர் 1893-இல், 49-ஆம் வயதில் பணியிலிருந்து விலகினார். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1886-இலேயே, சுயேச்சை ஓவியர்களின் கண்காட்சியில் படங்களை வைக்கத் தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓவியர் என்று கேலி பேசப்பட்ட அந்த ஆண்டுகள் இல்லையென்றால், ஓய்வு பெற்றவருக்குப் பொழுது இருந்திருக்கும், தொடர்வதற்கு ஓவியம் இருந்திருக்காது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் இங்கிலாந்தின் எல். எஸ். லௌரி. மான்செஸ்டரில் ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகச் சென்று வாடகை வசூலித்தவர். 1952-இல் ஓய்வு பெறும்வரை அந்த வேலையை விடவில்லை. படுத்த படுக்கையாக இருந்த தாயைப் பல ஆண்டுகள் தானே கவனித்துக்கொண்டு, அவர் உறங்கிய பிறகு நள்ளிரவு தாண்டியும் வரைந்தார். அவர் வரைந்த ஆலைகளும் தெருக்களும் கூன் விழுந்த மனிதர்களும் வாடகைப் புத்தகத்தோடு நடந்தபோது பார்த்தவைதாம். ஆனால் லௌரிக்கு மனைவியும் இல்லை, மக்களும் இல்லை. ஆகவே அந்த உதாரணம் உங்களுக்குப் பாதிதான் பொருந்தும், மீதிப் பாதிக்கு நாம்தான் வழி தேட வேண்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தூரிகையின் எண் இருக்கிறது, காகிதத்தின் கனம் இருக்கிறது, கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் இருக்கின்றன. உங்கள் மனைவி வேலைக்குப் போகிறவரா, வீட்டில் இருப்பவரா, ஒரு மணி நேரம் தனியாகக் கிடைத்தால் அவர் என்ன செய்ய விரும்புவார் என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும் இப்படித்தான் இருந்தேன். ஆனால் படகெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அவர் சொன்னது ஓவியத்தின் மீதான பொறாமை அன்று. விசைப்படகின் முன்பக்கத்தில் வண்ணம் உரிந்து உள்ளே இருக்கும் பழைய வண்ணம் தெரிவதைக் கவனிக்கும் கண்ணுக்குத் தான் தெரியவில்லை என்பதே அவருடைய குறை. ஓவியத்தை நிறுத்துவதால் அந்தக் குறை தீராது. தூரிகையைத் தொடாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கும் கணவரால் அந்த வீட்டில் யாருக்கு என்ன லாபம்?

ஞாயிறு காலை ஐந்தரையிலிருந்து பத்தரை வரை ஐந்து மணி நேரம். நம் பக்கத்து வீடுகளில் வாரத்திலேயே வேலை அதிகமான ஐந்து மணி நேரம் அதுதான்: மீன் ஆய வேண்டும், வாரத் துணி துவைக்க வேண்டும், பள்ளி இல்லாத இரண்டு பிள்ளைகளும் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். (நீங்கள் மீன் உண்பவரா என்பது எனக்குத் தெரியாது. உண்பவராக இருந்து, துறைமுகத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர் என்றால், உங்கள் மனைவியின் பொறுமையை வியக்கிறேன்.) அவருக்கு ஞாயிறு எப்போது வருகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, மாதத்தில் இரண்டு ஞாயிறு உங்களுக்கு, இரண்டு அவருக்கு என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். அவருடைய ஞாயிற்றில் அவர் உறங்கலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம், ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். அந்த ஐந்து மணி நேரம் அடுப்பும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. உங்கள் படகு நேரம் பாதியாகக் குறையும். ஆனால் பதுங்கிக் கிளம்பும் நான்கு ஞாயிறுகளைவிட, உரிமையோடு கிளம்பும் இரண்டில் அதிகம் வரைய முடியும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்படிப் பேசுவதற்கு முன்பு தூரிகையின் சரியான விலையைச் சொல்லிவிடுங்கள். 2,400 ரூபாய் உங்கள் வீட்டு வரவுசெலவில் பெரிய தொகையாக இருக்கலாம், அதற்காக ஒரு சண்டையும் வரலாம். ஆனால் ஒரு சுழியை மறைத்தபோது, ஓவியத்தை நீங்களே ஒரு கெட்ட பழக்கத்தின் வரிசையில் வைத்துவிட்டீர்கள். பீடி பிடிப்பவர்கள்தான் இப்படி மறைப்பார்கள்.

இனி மேசை. எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு இருபத்து இரண்டு ஆண்டுகள் பேருந்தில் வேலைக்குப் போய்வந்தவன் நான். அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதும் நோட்டைத் திறந்தால் ரெட்டிச்சாவடி வருவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவேன். ஆனால் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் அரைப் பக்கம் தேறாது. காரணம் வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. எங்கள் வீட்டிலும் எழுதும் மேசை சாப்பாட்டு மேசைதான். தாள்களைப் பரப்ப கால் மணி நேரம், சாப்பாடு என்றதும் வாரி எடுக்கக் கால் மணி நேரம், மறுநாள் எதை எங்கே விட்டோம் என்று தேட இன்னொரு கால் மணி நேரம். ஒருமுறை நான் வைத்துவிட்டுப் போன தாள்களின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் கணக்கு எழுதப்பட்டிருந்தது. நானும் கத்தினேன். பிறகு, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய தையல் மிஷினின் மேல் ஒரு பலகையைப் போட்டு, ஜன்னலோரம் தள்ளி வைத்துக்கொண்டேன். இரண்டடிக்கு ஒன்றரை அடி. அதில் வைத்தது வைத்தபடி இருக்கும். என் முதல் மூன்று புத்தகங்களும் அந்தப் பலகையில் எழுதப்பட்டவை.

உங்கள் அம்மா டபராவை எங்கே வைத்தார்? தினமும் வைக்கும் இடத்தில் வைத்தார். அது அவர்களுடைய மேசை. நாளைக்கும் அங்கேதான் வைப்பார்கள். கால் பங்குக் காகிதத்துக்கும் வண்ணத்தட்டுக்கும் இரண்டு குவளைத் தண்ணீருக்கும் இரண்டடிப் பலகை போதும். பீரோவின் பக்கவாட்டில் கீல் வைத்து மடக்கினாலும் சரி, ஆனால் பாதி வரைந்த படம் பத்து நாள் அசையாமல் கிடக்க ஓர் இடம் வேண்டும். நேரமில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் இல்லாதது இந்த இடம்தான்.

நீர்வண்ணத்தை நீங்கள் தேர்ந்தது, தெரிந்தோ தெரியாமலோ, குடும்பஸ்தருக்குப் பொருத்தமான தேர்வு. பிசினில் குழைத்த வண்ணமாகையால் தட்டில் காய்ந்துபோனாலும் மறுநாள் ஒரு சொட்டு நீர் பட்டதும் இளகிவிடும். அக்ரிலிக் என்றால், மகன் அழுகிறான் என்று எழுந்துபோய்த் திரும்புவதற்குள் தூரிகை விறைத்திருக்கும். எண்ணெய் வண்ணத்தின் டர்பென்டைன் நெடியை இரண்டு அறை வீட்டில் வயதானவரை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. நீர்வண்ணத்திலும் இடையில் விட முடியாத கட்டம் ஒன்று உண்டு: ஈர விளிம்பு காய்வதற்குள் முடித்தாக வேண்டிய பெரிய பூச்சு, அதாவது உங்கள் வானம். அதை மட்டும் தடையில்லாத இரவுக்கு ஒதுக்கிவிட்டு, பென்சில் கோடு, கயிறு, பாய்மரக் கம்பம், மிதவைகள் போன்றவற்றை இருபது நிமிடத் துண்டுகளாகச் செய்யப் பழகுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கரையோரக் காற்றில் பெரிய வானம் வேண்டாம். அந்த இரண்டு மாதமும் கையடக்க நோட்டில் வெறும் கோடுகளாக வரையலாம்.

உருவப்படங்களை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. மைத்துனரின் பேரன் படத்தை வரைந்து கொடுத்தால், மூக்கு சரியில்லை என்று மூன்று முறை திரும்பி வரும், நான்காம் முறை சன்மானமாக ஒரு பாக்கெட் அதிரசம் வரும். உங்களிடம் இருக்கும் கொஞ்ச நேரமும் அதில் போய்விடும். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது, பிழைப்புக்காகப் பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றும்) துணி போன்ற கைவினை வேலைகளைச் செய்து விற்றார்கள். ஓவியத்தை வாங்குவோரின் விருப்பத்துக்கு வளைக்காமல் இருக்க அது வழியாக இருந்தது. உங்களுக்கு அந்தப் பாத்திக் துணியின் வேலையை மாதச் சம்பளம் செய்துவிடுகிறது. பணம் வராததால்தான் வீட்டில் மதிப்பில்லை என்று நினைக்கிறீர்கள், உங்கள் மனைவி பணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே.

இன்னொரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். விசைப்படகுகள் முழுவதும் முதுநகரில் கட்டிக் கிடக்கும்; சில கரையேற்றப்பட்டு, பலகை மாற்றி, வண்ணம் பூசப்படும். அசையாத படகு ஓவியருக்குப் பெரிய வரம், அந்த நாள்களில் விடியலுக்கு முன்பு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளைகளுக்கும் அப்போது கோடை விடுமுறை. ஒரு மாலை மகளை அழைத்துச் செல்லுங்கள். அன்று உங்கள் ஓவியம் நடக்காது. தண்ணீர் கேட்பாள், ஐஸ் கேட்பாள், படகின் பெயர்களைச் சத்தமாக வாசிப்பாள். நடக்காது என்று தெரிந்தே போங்கள், அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் எதுவும் திருத்தாமல் இருங்கள்.

பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சையால் வருபவை. காகிதத்துக்கு இடும் பசையில் ஈரம் ஏறும்போது பூஞ்சை அதைத் தின்று வளர்கிறது. வந்த புள்ளியை வீட்டில் போக்க முடியாது, பரவாமல் தடுக்கலாம். கட்டிலுக்கடியில் தரையின் ஈரம் ஏறும்; மேல் தட்டுக்கு மாற்றி, சுவரை ஒட்டாமல், கனத்த அட்டைகளுக்கிடையே வைத்து, மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துப் போடுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள். சட்டமிடுவதென்றால் கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி இடையில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். காபிக் கறையையும் சுரண்ட வேண்டாம், காகிதத்தின் மேல்தோல் பிய்ந்துவிடும். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில் கட்டிலுக்கடியில் இருக்கும் அத்தனை படங்களையும் வெளியே எடுத்து, கூடத்தில் நேர்வெயில் படாத இடமாகப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அரை நாள் பரப்பி வையுங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.