'அணி' என்றே போடுங்கள்

வணக்கம். குவாண்டம் கட்டுரையில் மேட்ரிக்ஸுக்கு 'அணி' என்று போட்டால், படிப்பவர் கிரிக்கெட் அணி என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்டிருந்தீர்கள். நினைக்கமாட்டார். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே 'அணிகள்' வந்துவிடுகிறது. பார்க்கப்போனால் இரண்டும் நெருங்கிய சொந்தம்: ஆட்கள் வரிசையாக நின்றால் அணிவகுப்பு, எண்கள் கிடையாக நிரையும் செங்குத்தாக நிரலுமாக நின்றால் கணித அணி. உவமை அணிதான் சற்றுத் தள்ளி நிற்கிறது. அது செய்யுளுக்கு நகை பூட்டுகிற அணி. 1925இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் தொடங்கிவைத்த குவாண்டம் கணக்குமுறையை (matrix mechanics) 'அணி இயக்கவியல்' என்றே எழுதுங்கள். முதல் இடத்தில் மட்டும் ஒரு 2×2 அணியை வரைந்து காட்டிவிடுங்கள், போதும். அப்புறம் 'இரண்டு அணிகளை இடம் மாற்றிப் பெருக்கினால் விடையும் மாறலாம்' என்று வந்தால் யாரும் ஸ்கோர் கேட்கமாட்டார்கள்.