அரசுக் கொள்முதல் துறையில் மகளுக்கு எதிர்காலம் உண்டா? ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இயந்திரவியல் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள், அரசு நிறுவனங்களின் கொள்முதல் பிரிவில், அதிலும் சுற்றுச்சூழலுக்கு உகந்த பசுமைக் கொள்முதலில் பணியாற்ற விரும்புவதாகவும், அதற்கென வெளிநாட்டில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குக் கடன் வாங்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். பர்ச்சேஸ் செக்‌ஷன் என்றாலே லஞ்சமும் விஜிலென்ஸ் விசாரணையும்தானே என்ற தங்கள் கவலையையும் மறைக்காமல் குறிப்பிட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்த வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை தெளிவாகும்.

ஓர் அரசு அலுவலகத்துக்கு 400 மின்விசிறிகள் தேவைப்படுவதாக வைத்துக்கொள்வோம். விவரக்குறிப்பில் ‘1,200 மி.மீ. கூரை மின்விசிறி’ என்று மட்டும் எழுதி ஒப்பந்தப்புள்ளி கோரினால், 75 வாட் இழுக்கும் 1,500 ரூபாய் விசிறிதான் எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலைப்புள்ளியாக, வந்து நிற்கும். 28 வாட்டில் ஓடும் 3,000 ரூபாய் பி.எல்.டி.சி. (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட) விசிறிக்கு அங்கே இடமே இராது. நாளொன்றுக்கு 10 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 250 நாள் ஓடினால், இரண்டுக்கும் இடையே விசிறி ஒன்றுக்கு 117 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 940 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 1,500 ரூபாய் இருபது மாதங்களுக்குள் திரும்பிவிடும்; அதன்பின் ஆண்டுதோறும் 400 விசிறிக்கு மூன்றே முக்கால் லட்சம் ரூபாய் மின்கட்டணம் மிச்சம். ஆனால் ஒப்பந்தப்புள்ளி திறந்தபின் இந்தக் கணக்கை யார் எடுத்துச் சொன்னாலும் செல்லாது. அதற்கு முன்பே விவரக்குறிப்பையும் மதிப்பீட்டு முறையையும் எழுதியவர் அதில் சேர்த்திருந்தால்தான் செல்லும். கொள்முதலில் தலைமைப் பண்பு என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மேசையில்தான் நடக்கிறது; அங்கே அமர்ந்திருப்பவர் உதவிப் பொறியாளராகவும் இருக்கலாம்.

விலை குறைந்ததைத்தான் வாங்க வேண்டும், சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று அலுவலகங்களில் பரவலாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் 10-ஆம் பிரிவு, மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்கச் சொல்லும்போதே, ஆவணத்தில் குறிப்பிட்ட, அளவிடக்கூடிய காரணிகளுக்கு உரிய மதிப்பளித்து அதைக் கண்டறியுமாறும் சொல்கிறது. மின்செலவு அளவிடக்கூடிய காரணியன்றி வேறென்ன? மத்திய நிதி அமைச்சகம் 2013-லேயே அரசு அலுவலகங்கள் வாங்கும் ஏ.சி., குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி ஆகியவற்றுக்குக் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டில் குறைந்தபட்ச அளவை வகுத்தது. 2021 அக்டோபரில், ஆலோசனைப் பணி அல்லாத சிலவகை ஒப்பந்தங்களிலும் விலையோடு தரத்துக்கு மதிப்பெண் கொடுக்க வழிவிட்டது. விதி இருக்கிறது, அதைப் படித்து ஆவணமாக மாற்றத் தெரிந்தவர்கள்தான் குறைவு. தங்கள் மகளுக்கான வாய்ப்பு அந்தக் குறையில் இருக்கிறது.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் விலை பேசி வாங்குகிறது. விநியோகிக்கும் முன் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகின்றன. தரம் தவறிய நிறுவனம் கறுப்புப் பட்டியலுக்குப் போகிறது. இவற்றைவிட நான் மாணவர்களிடம் அதிகம் எடுத்துச் சொல்வது அதன் பாஸ்புக் முறையைத்தான். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக்கில் இவ்வளவு ரூபாய் மதிப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மருத்துவமனை தனக்கு வேண்டிய மருந்தை வேண்டிய அளவில் மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டு அந்த மதிப்பில் கழித்துக்கொள்ளும். தலைமையிடத்தில் யாரோ முடிவு செய்து அனுப்பிய பெட்டிகள் அலமாரியில் கிடந்து காலாவதியாவது இதனால் குறைகிறது. ‘பசுமை’ என்ற சொல் எங்குமே இல்லாத ஏற்பாடு. ஆயினும் வீணாவதைத் தடுப்பதில் பல பசுமைக் கொள்கைகளைவிட உறுதியானது. கேரளமும் ராஜஸ்தானும் இதே பாதையில் தங்களுக்கென மருத்துவக் கழகங்களை அமைத்துக்கொண்டன.

அண்மைக்கால எடுத்துக்காட்டு மின்சாரப் பேருந்து. 2022-இல் மத்திய அரசின் சி.இ.எஸ்.எல். (கன்வர்ஜென்ஸ் எனர்ஜி சர்வீசஸ்) நிறுவனம் டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சூரத் ஆகிய ஐந்து நகரங்களின் தேவையை ஒன்றுசேர்த்து 5,450 பேருந்துகளுக்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரியது. அங்கே வாங்கப்பட்டது பேருந்து அன்று, ஓடும் கிலோமீட்டர். வண்டியும் பேட்டரியும் பராமரிப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும். சென்னையில் 2025 ஜூன் மாதம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்ட 120 மின்சாரப் பேருந்துகளும் இந்த முறையைச் சேர்ந்தவையே. இத்தகைய ஒப்பந்தத்தை எழுதுபவர், பேட்டரி வலுவிழந்தால் யார் மாற்றுவது, வண்டி நடுவழியில் நின்றால் அபராதம் எவ்வளவு, சார்ஜ் ஏற்றும் மின்இணைப்பு தாமதமானால் பழி யாருடையது என்று பன்னிரண்டு ஆண்டு முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. இயந்திரவியல் படித்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலையைச் சொல்வது கடினம்.

இனி விஜிலென்ஸ் அச்சம். தங்கள் கவலையை நான் தள்ளிவிடப் போவதில்லை. இது நேர்மையானவர்களும் கோப்புக்குப் பதில் சொல்ல வேண்டிய துறை. தணிக்கைக் குறிப்பு பல ஆண்டுகள் கழித்தும் வரும். பசுமைக் கொள்முதலில் கூடுதலாக ஓர் ஆபத்தும் உண்டு: நல்லெண்ணத்தோடு விவரக்குறிப்பை இறுக்கிக்கொண்டே போனால், கடைசியில் அது ஒரே நிறுவனத்துக்குத்தான் பொருந்தும், ‘அவர்களுக்காகவே எழுதியது’ என்று புகார் எழும். ஒரு நிறுவனத்தின் தனிச்சிறப்பை எழுதாமல், நட்சத்திரக் குறியீடு, காற்றோட்டம், வாட் என்று பலரும் எட்டக்கூடிய செயல்திறனை எழுதுவதும், ஒப்பந்தப்புள்ளி அளிப்பதற்கு முன் நடக்கும் கூட்டத்தில் விற்பனையாளர்கள் எழுப்பும் ஐயங்களுக்கு எழுத்தில் பதிலளிப்பதும், கணக்கைக் கோப்பிலேயே வைப்பதும்தான் காப்பு. சிறு தொழில்களையும் மறக்கலாகாது. மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பெண் தொழில்முனைவோருக்கு 3 விழுக்காடு, பட்டியலின, பழங்குடி வகுப்பினருக்கு 4 விழுக்காடு. கோவையில் பம்புசெட் பட்டறை நடத்துபவர் தரச்சான்றுக்குச் செலவழிக்க முடியாமல் பசுமையின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டால், அதை நல்ல கொள்முதல் என்று நான் சொல்லமாட்டேன்.

வேலைக்குச் செல்லும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில்வேயில் டிப்போ மெட்டீரியல் சூப்பரின்டென்டன்ட் என்ற பொருள்கிடங்குப் பணியிடம் ஆர்.ஆர்.பி. (ரயில்வே தேர்வு வாரியம்) நடத்தும் இளநிலைப் பொறியாளர் தேர்வோடு சேர்த்தே நிரப்பப்படுகிறது. அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். யு.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வு அதற்கு மேற்பட்ட கதவு. திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் சேர்ந்தபின், கொள்முதலையும் பொருள் இருப்பையும் கவனிக்கும் மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட் பிரிவைக் கேட்டுப் பெறுபவர்கள் உண்டு. பலர் விரும்பிக் கேட்காத பிரிவு என்பதால் கேட்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கும். மாநில அரசில் கொள்முதலுக்கென்று பொதுவான தனிப் பணித்தொகுதி இல்லை, டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும் உதவிப் பொறியாளர்களே அந்தந்தத் துறையில் இதைச் செய்கிறார்கள்.

வெளிநாட்டுப் படிப்பு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. மேற்சொன்ன எந்தப் பணிக்கும் அந்தப் பட்டம் தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. மேலும், ஒரு ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைக்கூடக் கையாளாமல் அங்கே போகும் மாணவர் பொதுப்படையான கொள்கைகளைத்தான் கற்றுத் திரும்புவார். இரண்டு மூன்று ஆண்டு பணிக்குப் பிறகு விரும்பினால், கொள்முதல் துறையினருக்கான பிரிட்டிஷ் தொழில்முறை அமைப்பான சி.ஐ.பி.எஸ். வழங்கும் சான்றிதழை வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். இந்திய மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட் நிறுவனமான ஐ.ஐ.எம்.எம். நடத்தும் பட்டயப் படிப்புகளும் உண்டு. உலக வங்கி ஆதரவுடன் நடக்கும் பொதுக் கொள்முதல் சான்றிதழ்ப் படிப்பு இணையத்தில் கட்டணமின்றியே கிடைக்கிறது. அதை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.

அதற்கு முன் ஒரு பயிற்சி. தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில், தங்கள் மகளுக்குப் புரியக்கூடிய பொருள் ஒன்றை, தெருவிளக்கோ மோட்டாரோ எதுவானாலும் சரி, எடுத்து அதன் ஆவணத்தை முதலிலிருந்து கடைசி வரை படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பொருள் பத்தாண்டு ஓட என்ன செலவாகும் என்று ஒரு பக்கத்தில் கணக்கிட்டு, விவரக்குறிப்பில் எந்த வரியை எப்படி மாற்றி எழுதுவார் என்று மறுபக்கத்தில் எழுதட்டும். அவ்விரு பக்கங்களையும் எனக்கு அனுப்பிவைத்தால், எந்தத் தேர்வுக்கு முதலில் விண்ணப்பிப்பது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.